பதினெட்டுத் துணி

ஜெபின் வேலை பார்க்கும் ஹோட்டலில்
ஒரு படுக்கை விரிப்புக்கு இருநூறு சலவைதான் ஆயுள்.
அதன்பின் மூலையில் சிவப்பு முத்திரை குத்தி
ஓரமாய்ப் போட்டுவிடுவார்கள்.
சூப்பர்வைசரிடம் கேட்டு, கையெழுத்துப் போட்டு
இரண்டு விரிப்பு வாங்கிவந்தான்.
எனக்கு அப்போது ஏழாம் மாதம்.

கிழிசல் போகப் பதினெட்டுத் துணி தேறியது.
ஓரம் அடிக்கத் தையல்காரன்
துணிக்கு ஒரு திர்ஹம் கேட்டான்.
நானே கையால் தைத்தேன்.
முத்திரை விழுந்த துண்டை மட்டும் தனியாய் வைத்திருந்தேன்.
ஒரு வயிற்றுப்போக்கு நாளில் அதுவும் இடுப்பேறியது.
"அஞ்சு நட்சத்திரத்துல மோண்டுகிட்டு கிடக்கா உன் மவ" என்றேன்.

அபு ஷகாராவில் ஐந்தாம் மாடி.
ஒரு ஹாலைப் பலகை வைத்து மூன்றாக்கினால்
நடுவிலிருப்பது எங்கள் வீடு.
அக்ஸா அழுதால் மூன்று வீடும் விழிக்கும்.
அழுமுன் மாற்றிவிட வேண்டும்.
அதற்காகவே பார்த்துக்கொண்டிருந்து
கண்டுபிடித்த ஒன்று:
நனையுமுன் ஒரு நொடி
கைகால் ஆட்டாமல் சும்மாவாகிவிடுவாள்.
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
மேலே பார்ப்பாள்.

ஆகஸ்டில் நீலக் குழாயில் வருவது வெந்நீர்.
ஹீட்டரை அணைத்துப் போட்டுவிட்டால்
சிவப்புக் குழாயில் வருவதுதான் பச்சைத் தண்ணீர்.
பால்பீ மஞ்சளுக்கு
முதலில் சிவப்பு, சோப்புக்கு அப்புறம் நீலம்.
மாற்றிச் செய்தால் கறை வெந்து பிடித்துக்கொள்ளும்.
சொன்னவன் ஜெபின்.
நாளொன்றுக்கு நாலாயிரம் துவாலையைப் பார்த்த படிப்பு.

பால்கனியில் காயப்போட்ட நாலாம் நாள்
கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.
கொடியில் ஒரு சட்டை, அதன்மேல் குறுக்குக் கோடு.
அபராதத் தொகையை மட்டும் வாசித்தேன்.
அந்தக் காசுக்கு மூன்று மாதம் பேம்பர்ஸ் வாங்கலாம்.

அன்றிலிருந்து கட்டிலுக்கு மேலே கொடி.
ஏசிக் காற்றில் பதினெட்டும் ஆடும்.
அவளுக்கென்று தனியாகப் பொம்மை வாங்கவில்லை.
நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுக்கிறவன்
மூக்கில் ஒரு சொட்டு விழும்.
"இது எந்தத் தண்ணி?"
"அலசினதுதான், தூங்கு."

பக்கத்துப் பலகைக்காரி ஜோஸ்லின்
ஒரு பெரிய வீட்டில் பிள்ளை பார்க்கிறாள்.
அந்தப் பிள்ளைக்கு சைஸ் மாறியதும்
மிச்சமான பேம்பர்ஸ் ஒன்பதைக் கொண்டுவந்து தந்தாள்.
ஒன்று தடுப்பூசிக்குப் போனபோது.
ஒன்று பாஸ்போர்ட்டுக்கு, கான்சுலேட் வரிசையில் மூன்று மணி நேரம்.
ஒன்று ஆராதனையில்,
பாஸ்டர் கடைசி ஜெபத்தை முடிக்கவேயில்லை.
கட்டிடத்தில் தண்ணீர் நின்ற இரண்டு நாளில்
ஐந்து தீர்ந்தது.

கடைசி ஒன்றை அவசரத்துக்கென்று
அவளுடைய புது பாஸ்போர்ட்டுக்கு அடியில் வைத்தேன்.
ஜெபினுக்கு இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை.
அப்போதெல்லாம் டிராயரைத் திறப்பேன்.
இருக்கிறதா என்று பார்ப்பேன்.
மூடிவிடுவேன்.

போன வாரம் எடுத்துப் போட்டுப் பார்த்தால்
தொடையிலேயே நின்றுவிட்டது.
இழுத்தாலும் ஒட்டு எட்டவில்லை.
திட்டுவதற்கு யாருமில்லை.
சரியென்று
ஏசி ஒழுகுகிற மூலையில் விரித்துப் போட்டேன்.

ராத்திரி முழுக்கக் குடித்திருக்கிறது.
காலையில் வந்த ஜெபின்
அதை இரண்டு கையாலும் தூக்கி,
தலை நிற்காத பிள்ளையை ஏந்துவதுபோல் ஏந்தி,
"ஒரு கிலோ வரும்" என்றான்.
பிறகும் கீழே வைக்காமல் நின்றான்.

அதற்குள் அக்ஸா சும்மாவானாள்.
மேலே பார்த்தாள்.
கொடியில் கைக்கு எட்டியதை உருவினேன்.
இன்னும் கொஞ்சம் ஈரம்.